வேலி எல்லை அல்ல

“உறுதி கிடக்கு, வேலி கிடக்கு, வீடும் நாப்பது வருசமா உதிலதான் கிடக்கு. பேந்தென்னத்துக்குத் தம்பி சேவையர்?”

வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவின் வடக்கிலும், பழைய வீட்டு வளவொன்றை வாங்கப் போகிற எவரும் இந்தக் கேள்வியைக் கேளாமல் முற்பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. தரகர் கேட்பார். விற்பவரின் மைத்துனர் கேட்பார். பல வேளைகளில் வாங்குபவரின் தகப்பனாரே கேட்பார். கேள்விக்குள்ளேயே விடையும் இருக்கிறது: அளப்பது வீண் செலவு, வீண் தாமதம், எல்லாவற்றுக்கும் மேலாக, விற்கிற மனிதரை நம்பாமல் செய்கிற அவமரியாதை.

இந்த விடை பிழையானது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். வேறெந்த மண்ணிலாவது இது சிறு அசட்டையாகப் போய்விடலாம். வன்னியில் ஒரு குடும்பத்தின் ஆயுள்காலச் சேமிப்பை அது தின்றுவிடும்.

அந்தப் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் அவர்கள் சொல்வது சரியாகவே இருந்தது. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாக நின்ற வேலியை ஆண்டுதோறும் அடைத்தார்கள். அடைக்கும் நாளில் இரண்டு வளவுக்காரரும் பக்கத்தில் நின்றார்கள். கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டால் அன்று பின்னேரமே ஊர் கூடிவிடும். எந்தப் பனை யாருடையது, எந்தப் பாலை மரம் எல்லையில் நிற்கிறது, மழைத் தண்ணீர் யார் வளவுக்குள்ளால் போய் வாய்க்காலில் விழும் என்பதெல்லாம் பத்துப் பன்னிரண்டு முதியவர்களின் நினைவில் இருந்தன. காகிதத்தில் பிளான் இல்லாவிட்டாலும் ஊருக்குள் ஒரு பிளான் இருந்தது. சண்டை வந்தால் அந்த முதியவர்களில் ஒருவர் வந்து நின்று, “இதிலதான் மோனை எல்லைக்கல் இருந்தது” என்று தடியால் கீறிக் காட்டுவார். விஷயம் முடிந்துவிடும்.

அந்தப் பிளான்தான் 2008க்கும் 2009க்கும் இடையில், இறுதிப் போரில், இல்லாமற் போனது. மேற்கே மன்னார் எல்லையிலிருந்து சனம் பெயரத் தொடங்கி, கிளிநொச்சி நகரைத் தாண்டி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒடுங்கி ஒடுங்கி முள்ளிவாய்க்கால் வரை போனது. பதுங்குகுழிகளுக்கு எல்லைப் பனைகள் தறிக்கப்பட்டன. வளவுகளைக் குறுக்கறுத்து மண் அணைகள் எழுந்தன. பிறகு அந்த அணைகளை டோசர்கள் தட்டையாக்கின. கண்ணிவெடி அகற்றுவதற்காகப் பற்றைகளோடு பழைய கதியால்களும் வழிக்கப்பட்டன. தடியால் கீறிக் காட்டக்கூடிய அந்த முதியவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை.

திரும்பி வந்தவர்களும் ஒன்றாக வரவில்லை. 2009 இறுதியிலிருந்து பகுதி பகுதியாகத்தான் விட்டார்கள். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். முதலில் வந்தவர் தன் வீட்டு அத்திவாரத்தையும் கிணற்றையும் தேடிக் கண்டுபிடித்தார்; அவற்றை நடுவாக வைத்துக் கண்ணளவில் நான்கு பக்கமும் முட்கம்பி இழுத்தார். மாட்டையும் பாம்பையும் தடுக்க உடனே ஒரு வேலி வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கம்பி இழுக்கப்பட்ட நாளில் பக்கத்து வளவுக்காரர் அங்கே இருந்தாரா? அவர் இன்னும் முகாமில் இருந்திருப்பார், அல்லது கனடாவில், அல்லது எங்கே என்று எவருக்கும் தெரியாத இடத்தில். ஒற்றை ஆளின் அவசரத் தேவைக்காக எழுந்த வேலியைத்தான் இன்று “ஊருக்கே தெரிஞ்ச எல்லை” என்று வாங்குபவருக்குக் காட்டுகிறார்கள்.

கண்ணளவு எவ்வளவு பிழைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. நாற்பது மீற்றர் அகலமும் நூறு மீற்றர் நீளமுமான வளவு, ஏறத்தாழ ஒரு ஏக்கர். அதன் நீளப் பக்கத்து வேலி இரண்டே இரண்டு மீற்றர் உள்ளே நிற்கிறது என்று வையுங்கள். இரண்டு மீற்றர் என்பது ஒரு ஆள் கையை நீட்டிப் படுத்தால் முடிகிற தூரம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் நிலத்தில் அது 200 சதுர மீற்றர், கிட்டத்தட்ட எட்டுப் பேர்ச், முக்கால் பரப்புக்கும் மேல். பரப்புக் கணக்கில் விலை பேசுகிற ஊரில், இல்லாத முக்கால் பரப்புக்குக் காசு கொடுக்கிறோம். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேலியோரமாக நடந்து “நானே அளந்திட்டன்” என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். திறந்த வெளியிலேயே அந்தக் கருவி சில மீற்றர் பிழைக்கும். எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அந்த அளவுக்கே பிழைக்கிற கருவியால் என்ன பயன்?

சட்டம் இதை இன்னும் இறுக்குகிறது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவரின் தனியார் காணியைப் பத்து வருடம் இடையறாமல், அவருடைய உரிமையை ஏற்காமல், தன்னதாக ஆண்டவர் நீதிமன்றத்தில் அதற்கு உரித்துக் கோரலாம். போரால் துரத்தப்பட்டவர்களின் காணி இப்படிப் பறிபோகக் கூடாது என்று 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் 2009 மே 18க்குப் பிறகான நாட்களை அது நிறுத்தி வைக்கவில்லை. 2010இல் அவசரத்துக்கு இழுத்த முட்கம்பிக்கு 2020இலேயே பத்து வயதாகிவிட்டது. பிழையான இடத்தில் நிற்கும் வேலி இனி வெறும் பிழையல்ல, அது வழக்காடும். நீங்கள் அளக்காமல் வாங்கினால் அந்த வழக்கையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

“உறுதி கிடக்கு” என்ற வாதத்துக்கு வருவோம். எங்கள் பழைய உறுதிகளின் அட்டவணையை எடுத்து வாசித்துப் பாருங்கள். கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் பெண்சாதி பெயரிலான காணி, தெற்கே அரசகாடு. அந்த இன்னார் இறந்து முப்பது வருடம். ஒழுங்கை இப்போது கொங்கிறீற் வீதி, இடமும் சற்று மாறிவிட்டது. அரசகாட்டில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன, அல்லது போர் முடிந்தபின் வன இலாகா நட்ட கல் நிற்கிறது. நான்கு எல்லைகளில் ஒன்றைக்கூட இன்று அந்த அட்டவணையை வைத்து நிலத்தில் காட்ட முடியாது. உறுதியை எழுதும் நொத்தாரிசு இதைப் பார்த்துக்கொள்வார் என்பது இன்னொரு மயக்கம். அவர் பார்ப்பது காகிதத்தை. அட்டவணையைப் பழைய உறுதியிலிருந்து எழுத்துக்கு எழுத்து புதியதற்கு மாற்றுவார். காணிக்குள் இறங்கிக் கல் தேடுவது அவருடைய தொழிலல்ல.

அட்டவணையில் “பிரிபடாத நாலில் ஒரு பங்கு” என்று எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உங்களுக்குக் காட்டப்பட்ட மூலையும் அதிலுள்ள வீடும் அந்தக் காற்பங்குதான் என்று அண்ணன் தம்பிகள் வாயால் பேசிக்கொண்டிருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அந்த மூலையில் எல்லாருக்கும் பங்குண்டு. தேசவழமைச் சட்டத்தின் கீழ்ப் பங்காளிக்கு முன்கொள்வனவு உரிமையும் உண்டு. 1947இன் கட்டளைச் சட்டம் அதை எழுத்தில் வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஒரு நாள் வந்து, “என்னைக் கேட்டவையோ?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவர்.

வன்னியில் உறுதியே இல்லாத காணிகள்தான் அதிகம் என்பதையும் பேசாமல் விடக் கூடாது. இரணைமடுக் குளத்தின் கீழும் வட்டக்கச்சி, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றங்களிலும் சனத்துக்குக் கிடைத்தவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகள். சனத்தின் வாயில் பெர்மிட் காணி. பிரதேச செயலகத்தின் சம்மதமின்றி அதைக் கைமாற்ற முடியாது. சட்டத்துக்கு மாறாகக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணிக்கும் முன்சம்மதம் வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அதைத் துண்டாடவும் முடியாது. ஆனால் நடப்பது என்ன? தகப்பனின் துண்டைப் பிள்ளைகள் நாலாக வேலி போட்டுப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை தன் கால்வாசியை வீட்டோடு விற்கிறார். முத்திரை ஒட்டிய காகிதமொன்றில் கையெழுத்தாகிறது. வாங்கியவர் அதை உறுதி என்று நம்பி அலுமாரியில் பூட்டி வைக்கிறார். மலையகத்திலிருந்து 1958இலும் 1977இலும் 1983இலும் அடிபட்டு வந்து பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் காடு வெட்டிக் குடியேறிய சனத்தில் பலருக்கு நெடுங்காலம் எந்தக் காகிதமும் இருக்கவில்லை. அவர்களுடைய உரிமைக்காகக் குரல் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. ஆனால் அங்கே வீடு வாங்குகிறவர் தான் எதை வாங்குகிறார் என்று தெரிந்து வாங்க வேண்டும். அரச காணியின்மேல் பத்து வருட ஆட்சி எவருக்கும் உரித்துத் தராது.

இங்கேதான் “பிளான் உரித்துத் தராது, பேந்தேன் அளவை?” என்று சிலர் கெட்டித்தனமாக மடக்குவார்கள். பிளான் உரித்துத் தராது என்பது உண்மை. நல்ல சேவையர் ஒருவரும் தருவதாகச் சொல்ல மாட்டார். ஆனால் அவர் வந்ததும் கேட்கிற முதற் கேள்வி, “இது எந்தப் பிளானில் எத்தனையாம் துண்டு?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதே உள்ளேயிருப்பது வெளியே வந்துவிடும். குடியேற்றத் திட்டத்துக்காக நில அளவைத் திணைக்களம் பிரித்த படத்தில் துண்டிலக்கம் இருந்தால் அது பெர்மிட் காணி என்று தெரிந்துவிடும். உடனே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போகலாம். துண்டிலக்கமே அகப்படாவிட்டால், அதுவும் ஒரு விடைதான். காணிப் பதிவகத்தில் தேடுவதற்கும் காணிக் கிளையில் விசாரிப்பதற்கும் கையில் ஒரு நூல்முனையைத் தருவது அளவை. அது இல்லாமல் தேடுகிறவர் எந்தக் காணியைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது.

அளவை என்றால் எல்லா அளவையும் ஒன்றல்ல. என் கோபத்தில் பாதி அளக்காதவர்கள்மேல் என்றால், மீதி அரைகுறையாக அளந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்மேல். பலர் செய்விப்பது இதைத்தான்: விற்பவர் வேலியைக் காட்டுகிறார், சேவையரின் ஆட்கள் வேலியோரம் தண்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், வேலி நிற்கிறபடியே ஒரு படம் கீறப்படுகிறது. பளபளப்பான காகிதம், புதிய இலக்கம், தசமத்தானம் வரை பரப்பளவு. அந்தப் படம் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: வேலி இன்று இந்த இடத்தில் நிற்கிறது. அது எங்கே நிற்க வேண்டும் என்று அது சொல்லாது. பிழையான வேலிக்கு ஒரு பிளான் இலக்கத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிழையை முன்னிலும் உறுதியாக்கிவிட்டோம்.

வேண்டியது பழைய படத்தைப் புதிய அளவையின்மேல் ஏற்றிப் பார்ப்பது. சேவையரிடம் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். 1960களில் அல்லது 70களில் கீறிய படமென்றால் அளவுகள் சங்கிலியிலும் லிங்கிலும் இருக்கும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. அதை மீற்றருக்கு மாற்றி, அசையாத பொருள் ஒன்றைப் பிடித்து, அதாவது பழைய மதகு, கோயிற்கேணி, வாய்க்கால் வளைவு, தப்பியிருக்கும் ஒரேயொரு எல்லைக்கல் ஆகியவற்றில் ஏதோவொன்றிலிருந்து தொடங்கி, பழைய கோடுகளை இன்றைய நிலத்தில் விரிக்க வேண்டும். அப்போதுதான் வேலிக்கும் எல்லைக்கும் இடையே எத்தனை மீற்றர் வித்தியாசம் என்பது படத்தில் இரண்டு கோடுகளாகத் தெரியும். விற்பவரிடம் பழைய படம் இல்லையா? போரில் எத்தனையோ வீடுகளின் காகிதங்கள் எரிந்தன. ஆனால் அரச படங்களின் பிரதி கேட்க ஓர் இடம் இருக்கிறது. நில அளவைத் திணைக்களம் 1800இலிருந்து இயங்குகிறது. இன்னொன்று: கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. அதற்கு முந்திய பதிவுகளைத் தேடுகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அளக்க வருபவர் 2002ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவரா என்று கேட்பதும் குற்றமல்ல.

“வீடு நாற்பது வருசமா கிடக்கு” என்பதற்கும் ஒரு வார்த்தை. வீடு பழையது என்பது நிலம் சரி என்பதற்குச் சாட்சியல்ல. பல பழைய வீடுகளில் பழையது அத்திவாரமும் ஒரு சுவரும் மட்டுமே. போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்திலோ வேறு உதவியிலோ பக்கத்திலேயே புதுவீடு எழுந்தது, அல்லது பழைய சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்டது. அத்திவாரக் கோடு அடித்தபோது எல்லை தெளிவாக இருந்ததா என்பதை அளந்தால்தான் அறியலாம். குசினி பக்கத்துக் காணிக்குள் நிற்பதை உறுதி முடித்தபின் அறிவதைவிட முன்னமே அறிவது நல்லது.

கிணறு தனிக்கதை. எங்கள் உறுதிகளில் “கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்” என்று ஒரு வரி வரும். அந்தக் கிணறு எந்த வளவுக்குள் நிற்கிறது, அங்கே போகும் வழி எத்தனை அடி அகலம் என்று படத்தில் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஒரு கோடைகாலத்தில் பக்கத்து வீட்டு மகன் படலையைச் சாத்திவிட்டால் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. வீதியோரக் காணி என்றால் வீதிக்கான ஒதுக்கு நிலத்தையும் பார்க்க வேண்டும். ஏ-9 வீதியும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியும் திருத்தப்பட்டபின் வீதியோரத்து முன்வளவு முழுவதும் உங்களுடையது என்று எண்ணிவிட முடியாது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்தது. ஆளில்லாக் காலத்தில் பற்றை மூடிக் கிடந்த பாதையோரத்துக்கும் திணைக்களச் சொந்தக்காரர் உண்டு என்பது அப்போது பலருக்கு நினைவுக்கு வந்தது. குளத்தோரக் காணி இன்னும் ஆபத்தானது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறந்தபோது வெள்ளம் எந்தெந்த வளவுக்குள் நின்றது என்பதை அயலவர் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு, சேவையரிடம் நிலமட்டத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். குளத்தின் ஒதுக்குக்குள் கட்டிய வீட்டை எந்த உறுதியும் காப்பாற்றாது.

அளப்பது அவமரியாதை என்கிறார்கள். இதைத்தான் நான் மிகவும் மறுக்கிறேன். நம்பிக்கை என்பது நமக்குத் தெரிந்த மனிதர்மேல் வைப்பது. இன்று விற்பவர் பெரும்பாலும் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார். அவருக்காக அற்றோணித் தத்துவத்தோடு ஒருவர் வருகிறார். வாங்குபவரும் பல நேரம் சூரிச்சிலிருந்து வீடியோவில் வளவைப் பார்க்கிறார். இருவரும் அந்த வேலியில் ஒரு கதியாலையும் நட்டவர்களல்லர். யார்மேல் வைக்கிற நம்பிக்கை இது? அளவை நாளன்று பக்கத்து நாலு வீட்டாருக்கும் சொல்லி அனுப்பி, “அண்ணை, நாளைக்குச் சேவையர் வாறார், நீங்களும் ஒருக்கா வந்து நில்லுங்கோ” என்று கூப்பிடுவதில் எந்த அவமரியாதையும் இல்லை. முன்பு வேலி அடைக்கும் நாளில் இரு வளவுக்காரரும் சேர்ந்து நின்ற அதே வழக்கம்தான் அது. அயலவர் தன் பக்கத்து நியாயத்தை அன்றே சொல்வார். சொல்லாவிட்டால், சொல்ல இடம் கொடுக்கப்பட்டது என்பது மிஞ்சும்.

படமில்லாத காணிக்காரரின் நிலை எவ்வளவு பலவீனமானது என்று அறிய வெகுதூரம் போக வேண்டாம். 2025 மார்ச் 28ஆம் திகதி அரசு வர்த்தமானி ஒன்றை வெளியிட்டது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர். அதில் முல்லைத்தீவில் 1,703 ஏக்கரும் கிளிநொச்சியில் 515 ஏக்கரும் அடங்கின. உரித்துள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து கோர வேண்டும். இல்லாவிட்டால் அரச காணி. ஜூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. போரில் காகிதம் இழந்த சனத்திடம் மூன்று மாதத்தில் சான்று கேட்டது அநீதி; அதை எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். ஆனால் அந்த மூன்று மாதமும் வெளிநாட்டிலும் உள்ளூரிலும் எத்தனை பேர் அலுமாரிகளைக் கிளறியிருப்பார்கள், கையில் அகப்பட்டது எல்லை சொல்லாத பழைய உறுதி என்று எத்தனை பேர் தவித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். துண்டிலக்கத்தோடு படமும் பதிவு செய்த உறுதியும் வைத்திருந்தவர் அந்த மூன்று மாதத்தை வேறு விதமாகக் கழித்திருப்பார்.

செலவைப் பற்றிப் பேசுபவர்களுக்கு அதிகம் சொல்ல விரும்பவில்லை. வீட்டுக்குப் புதுப் படலை போடவும் பால் காய்ச்சவும் காசு வைத்திருப்பவரிடம் சேவையருக்கும் காசு இருக்கும். உண்மையிலேயே இல்லாதவர் இருந்தால், முற்பண ஒப்பந்தத்திலேயே “அளந்து வருகிற பரப்புக்கே விலை” என்று ஒரு வரி எழுதி, அளவைக் கூலியை இருவரும் பாதி பாதி போட்டுக்கொள்ளலாம். அந்த வரிக்கு விற்பவர் மறுத்தால் ஏன் மறுக்கிறார் என்று யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வாங்குபவரைப் பற்றியே எழுதினேன். ஆனால் வன்னியில் பழைய வளவை விற்கிற பலர் பெண்கள். கணவனைப் போரில் இழந்தவர், அல்லது இன்னும் தேடிக்கொண்டிருப்பவர். மகளின் கலியாணத்துக்கோ மகனின் வைத்தியத்துக்கோ அவசரமாக விற்கிறார். தரகர் வருகிறார், வளவைச் சுற்றி ஒரு நடை நடக்கிறார், “அக்கா, இது ஒரு பத்துப் பரப்பு வரும்” என்கிறார். அக்காவும் தலையாட்டுகிறார். அவருடைய கணவர் 2010இல் இருந்திருந்தால் வேலியைச் சரியான இடத்தில் இழுத்திருப்பார். அவர் இல்லாததால் வேலி இரு பக்கமும் உள்ளே வந்துவிட்டது. வெளியே விடப்பட்ட இரண்டு பரப்பும் அவருடையதுதான் என்பது அவருக்குத் தெரியாது, தரகருக்கும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரேயொருவர், வரவேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்தச் சேவையர்.